ராணியைப் பெட்டியில் குடிவைத்த கதை

எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கு ஒரு கட்டுரை வாங்கி மலர் போடுகிறார்களாம். எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். சர்வீஸ் முழுக்க ஸ்டோர் ரூமில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கும் இரண்டு பக்கம், தேனீக்கூட்டுக்குள் கையை விட்ட எனக்கும் இரண்டு பக்கம். பரவாயில்லை. நான் எழுதுகிறபடி எழுதுகிறேன். இடம் போதவில்லையென்றால் அவருடைய பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. பென்ஷன் விஷயமாகப் போன மாதம் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அன்று வளாகத்து வேப்பமரத்தில் ஒரு தேனீக்கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் அதற்கென்று ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் வெள்ளை அங்கி, முகத்துக்கு வலை, முழங்கை வரை கையுறை என்று நிலாவில் இறங்குகிறவர்களைப் போல வேனிலிருந்து இறங்கினார்கள். ஒருவன் மரத்தைப் போனில் படம் பிடித்து எங்கேயோ அனுப்பினான். அங்கிருந்து அனுமதி வர அரைமணி நேரம் ஆனது. அதற்குள் தேனீக்கள் தாமாகவே எழுந்து பறந்து போய்விட்டன. வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு இருவரும் வேனில் ஏறிவிட்டார்கள்.

அப்போது புதிதாக வந்திருக்கும் கிளார்க் பையன் கேட்டான்.

"அண்ணே, உங்க காலத்துல இன்னா டிரஸ் போட்டுக்கினு புடிப்பீங்க?"

"லுங்கி, பனியன். நல்ல கூடா இருந்தா பனியனையும் கழட்டிருவேன்."

"அதெல்லாம் எழுதிக் குடுங்கண்ணே."

எழுதிவிட்டேன். படித்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பு ஏழாவது. அந்த ஏழாவதும் முழுசாக இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்குகிற சமயத்தில் பள்ளிக்கூடத்தை நிறுத்தினேன். பள்ளிக்கூடம் என்னை நிறுத்தவில்லை, நான்தான் அதை நிறுத்தினேன். அந்த வயதில் ஒரு கிணற்றுச் சுவர்ப் பொந்தில் தேன் எடுக்கப்போய் முதல் கொட்டு வாங்கினேன். கண் இரண்டும் வீங்கி மூடி மூன்று நாள் கிடந்தேன். நாலாம் நாள் கண் திறந்ததும் மறுபடியும் அதே கிணற்றில் இறங்கினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

அலுவலகத்தில் கூலிக்குச் சேர்ந்த பிறகு அரசாங்கமும் மூன்று நாள் பயிற்சி கொடுத்தது. பயிற்சியாளர் தேனீயைத் திரையில் காட்டினார். திரையில் அது ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. அவர் கொஞ்சமும் பயப்படவில்லை. மூன்றாம் நாள் உயிருள்ள பெட்டியைத் திறந்தபோது, ஜீப்பில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடம் நடத்தினார். சத்தம் வெளியே வரவில்லை. உதட்டசைவைப் பார்த்தே நான் தேறினேன்.

வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு நாற்றங்கால் உண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, மண் சலிப்பது, பெரியவர்கள் வந்தால் நாற்காலி போடுவது என் வேலை. பதினொரு வருடமாகத் தினக்கூலி. கூலி ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று அந்த வருடம் ஒரு பேச்சு பலமாக அடிபட்டது. வேலை தங்க வேண்டுமென்றால் நிரந்தரம் ஆக வேண்டும். நிரந்தரம் ஆக வேண்டுமென்றால் எங்கள் அதிகாரி ஒரு பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கடிதம்தான் சோறு.

எங்கள் அதிகாரியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சென்னையில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்.

அவர் வாயிலிருந்து 'செய்' என்ற சொல்லை யாரும் கேட்டதில்லை. 'செய்யாதே' என்பதையும் கேட்டதில்லை. "செஞ்சா நல்லா இருக்கும்" என்பார். "அப்படி ஒரு எண்ணம் இருக்கு" என்பார். யாருடைய எண்ணம் என்று சொல்லமாட்டார். எதைக் கேட்டாலும் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆறின பிறகுதான் பதில். அவசரமான விஷயமென்றால் அந்த வெந்நீர் ஆறவே ஆறாது. எழுத உட்கார்ந்தால் முதலில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் மார்ஜின் போடுவார். கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் வேறு காகிதம். என் கடிதத்துக்கு மார்ஜின் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மார்ஜினுக்கு இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.

அந்த வருடம்தான் விவசாயிகளுக்குத் தேனீப் பெட்டி வழங்கும் திட்டம் வந்தது. லாரியில் பெட்டிகள் வந்து இறங்கின. தேனீ வரவில்லை. உத்தரவை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்கள். அதில் பெட்டி என்றுதான் இருந்தது. பெட்டிகளை ஸ்டோரில் கூரை வரை அடுக்கினோம். விவசாயிகள் வந்தார்கள், திறந்து பார்த்தார்கள், கோழிக்கு ஆகுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"ஏழுமல, ஒரு பெட்டியிலயாவது ஈ இருந்தா நல்லா இருக்கும்."

"புடிச்சிடலாங்க. கிரிவலப் பாதையில ஒரு புங்கமரம் கீது. பொந்துல நல்ல கூடு."

"பாதை நம்ம கட்டுப்பாட்டுல வராதே."

"மரத்துல வெட்டு விழாதுங்க. கைய விட்டு எடுத்துருவேன்."

வெந்நீர் மெல்ல ஆறியது.

"எடுத்தது தெரியாம எடுத்தா நல்லா இருக்கும்."

"அய்யா, என் கடிதம்..."

அவர் மூடியிலிருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார். "பெட்டியில ஈ இருந்தா, கடிதத்துல எழுத ஒரு விஷயம் இருக்கும்."

அவர் வாழ்க்கையிலேயே இவ்வளவு நேராகப் பேசியது அன்றுதான். இருந்தாலும் போகச் சொல்லி உத்தரவு வரவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், "இன்னிக்குப் போனா நல்லா இருக்கும்" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வு. அன்றைக்குச் சாயங்காலம் பௌர்ணமி பிறக்க இருந்தது. அந்தப் பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஃபிளாஸ்கைத் திறந்தார். நான் கிளம்பிவிட்டேன்.

செங்கம் சாலைப் பக்கம், பாதை ஓரத்தில் அந்த மரம். அதன் அடியில் பச்சையம்மா இட்லிக் கடை போட்டிருந்தார். எனக்கு அக்கா வயது. தலைக்கு மேல் தேனீ, கீழே அடுப்பு, பல வருடமாக இருவருக்கும் தகராறு இல்லை.

"இன்னாப்பா, மரத்த மொறைச்சிக்கினு நிக்கற?"

"தேனீயக் கொண்டுபோகப் போறேங்கக்கா. கவர்மெண்டு பெட்டிக்கு."

"அதுங்க உங்கிட்ட வேல கேட்டுச்சா?"

எங்கள் பக்கத்தில் பொந்தில் வசிப்பது அடுக்குத் தேனீ. பாறையிலும் உயரமான கிளையிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அது பெட்டியில் தங்காது, கோபம் ஜாஸ்தி. அடுக்குத் தேனீ இருட்டில் அடை அடையாக அடுக்கிக் கட்டும். பெட்டிக்குள் இருக்கும் இருட்டும் அதற்குப் பொந்துதான். பக்குவமாகக் கையை விட்டால் கொட்டாது. பக்குவம் கம்மியாக இருந்தால் யாராக இருந்தாலும் கொட்டும். மேலதிகாரியும் அப்படித்தான்.

தேனீக்குப் புகை ஊதும் புகைப்பான் ஸ்டோர் ரூமில் இருந்தது, சாவிக்காரர் விடுப்பில் இருந்தார். அதனால் என்ன. பால்பவுடர் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு, காய்ந்த வரட்டியும் தேங்காய் நாரும் திணித்து நானே ஒன்று செய்து வைத்திருந்தேன். பொந்துக்குள் மூன்றே ஊது. நிறைய ஊதினால் தேனீ மிரண்டு கூட்டமாக வெளியே வந்துவிடும். மூன்று ஊதினால் தீப்பிடித்துவிட்டதோ என்று பயந்து தேனைக் குடிக்கப் போகும். வயிறு நிறைந்த தேனீக்குச் சண்டை போட மனசு வராது. கொஞ்சம் பொறுத்துக் கையை விட்டேன். தோள் வரை உள்ளே போயிற்று. கன்னத்தை மரத்தோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி விரலால் பார்த்தேன். ஆறு அடை இருந்தன.

நீளமான கத்தியால் ஓரத்து அடையிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தேன். தேன் இருக்கும் பாகம் தனி, குஞ்சு இருக்கும் பாகம் தனி. தேன் அடையை மட்டும் பெட்டியில் கட்டவே கூடாது. கனம் தாங்காமல் அறுந்து விழுந்து, தேனீக்கள் தங்கள் தேனிலேயே மூழ்கிச் சாகும். குஞ்சு அடையை, மரத்தில் எந்தப் பக்கம் மேலாக இருந்ததோ அந்தப் பக்கமே மேலாக வைத்து, மரச்சட்டத்தில் வாழைநாரால் கட்டினேன். நூலால் கட்டினால் அடையை அறுக்கும். வாழைநார் தளரும்போது தேனீயே மெழுகு பூசி ஒட்டிக்கொள்ளும், பிறகு நாரைத் துண்டு துண்டாகக் கடித்து வெளியே போட்டுவிடும். இதெல்லாம் திரையில் வரவில்லை.

இனி ராணி. அவள் பெட்டிக்குள் போனால் மொத்தக் குடும்பமும் பின்னாலேயே போகும். அவள் வெளியே நின்றால் தங்கத்தில் பெட்டி செய்து வைத்தாலும் ஒன்றும் வராது. ராணியைத் தேடுகிறவன் பரபரக்கக் கூடாது. மற்ற தேனீக்களைவிட நீளமாக, கருத்த வயிறோடு இருப்பாள். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்குவாள். பொந்தின் மேல் மூலையில் கொத்தாகத் தொங்கியவர்களைக் கைநிறைய அள்ளி வெளியே எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கையில் வந்தாள். அவளை அடைத்து வைக்க ஒரு கூண்டு வேண்டும்.

"அக்கா, டீ வடிகட்டி ரெண்டு குடுங்க."

"டீ நான் எதுல வடிக்கறது, முந்தானையிலயா?"

"ஒரு மணி நேரந்தான். உள்ளார ராணி இருப்பாங்க."

"ராணிக்கு என் வடிகட்டிதானா கெடச்சுது" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். இரண்டு வடிகட்டியின் வாயையும் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டினேன். நடுவில் ராணி. அதைச் சட்டங்களுக்கு இடையில் தொங்கவிட்டதும், பொந்தில் மிச்சமிருந்தவர்கள் ஊர்வலமாகப் பெட்டிக்குள் நடந்தார்கள். பிறகு ராணியை அவிழ்த்து அடையில் விட்டேன். வாசலில் தடுப்புத் தகடு வைத்தேன். வேலைக்காரத் தேனீ அதில் நுழையும், ராணியின் உடம்பு நுழையாது.

பெட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கம் அனுப்பிய பெட்டியில் நான் ஒரு திருத்தம் செய்திருந்தேன். மூடியின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு நீள்துளை, அதன் கீழே உள்பக்கம் ஒரு தட்டு. மூடியைத் திறக்காமலே துளை வழியாகச் சர்க்கரைப் பாகு ஊற்றலாம், அன்றும் ஊற்றி வைத்தேன். முழுக்க என் யோசனை. அந்தத் துளையைப் பற்றி அப்போது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

வெளியே மேயப் போன தேனீக்கள் பொழுது சாய்ந்துதான் திரும்பும். அதுவரை பெட்டி அங்கேயே இருந்தாக வேண்டும். பெட்டியை ஒரு கல்லின் மேல் பொந்துக்கு நேராக வைத்துவிட்டு இரவு முழுக்கக் காவல் இருப்பதாகத்தான் இருந்தேன். அப்போது அதிகாரியிடமிருந்து போன். நாற்றங்கால் பாதையோரக் கற்களுக்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்திருந்தால் நல்லா இருக்குமாம்.

"அக்கா, நான் வெடிகாலம் வந்துருவேன். பெட்டி மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

"நீ போ. இது எங்க போவும்?"

விடியும் முன்னே வந்தேன். பௌர்ணமி நாளில் வண்டியை ஊர் ஓரத்திலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதால் நடந்துதான் வந்தேன். புங்கமரத்தைச் சுற்றிக் கூட்டம். யாரையோ கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். விலக்கிக்கொண்டு உள்ளே போனால், என் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நெற்றியில் மஞ்சள், மஞ்சளின் மேல் குங்குமம், கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் செவ்வந்தி மாலை. முன்னால் கற்பூரம். பக்கத்தில் மயில்பீலியோடு காவி கட்டிய ஒருவர். ஜனங்கள் வரிசையில் வந்து, கும்பிட்டு, என் நீள்துளையில் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு காசும் சர்க்கரைப் பாகுத் தட்டில் சொத்தென்று விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

பச்சையம்மாவைத் தேடிப் பிடித்தேன். இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

"யாருக்கா பொட்டு வெச்சது?"

"நான்தான். கூட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சு. எவனாவது தூக்கினு போய்ட்டான்னா? பொட்டு வெச்சிட்டா யாரும் தொடமாட்டான்ல."

"இப்ப நானே தொட முடியலியேக்கா."

"அது நான் இன்னா பண்றது? ஒரு பொட்டுதான் வெச்சேன். மாலையெல்லாம் அவங்க பக்தி."

திட்ட முடியவில்லை. அவர் செய்தது சரி. இந்த ஊரில் ஒரு பொருளைக் காப்பாற்ற அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

பெட்டியின் மேல் காதை வைத்து, விரல் கணுவால் ஒரு தட்டு தட்டினேன். ராணி இருந்தால் உள்ளே 'ஸ்' என்று ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கும். ராணி இல்லையென்றால் அழுகை மாதிரி இழுத்துக்கொண்டே போகும். உடனே அடங்கியது. மூடிக்குக் கீழே நான் வைத்த பாகுத் தட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், விழுந்த காசில் ராணி நசுங்கியிருப்பாள். அந்த வகையில் என் யோசனை சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

காவிக்காரர் என் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதீங்க. உள்ள அம்மா தவத்துல இருக்காங்க."

"அம்மா உள்ள இருக்கறது எனக்குத் தெரியும் சாமி. நேத்து நான்தான் உள்ள வெச்சேன்."

பின்னாலிருந்து ஒரு பெரியவர், "பிரதிஷ்டை பண்ணவர் இவர்தானாம்" என்றார். ஒரு அம்மாள் என் காலில் விழுந்தார். இரண்டு பேர் அவரைப் பார்த்து விழுந்தார்கள். நான் மறுக்கவில்லை. குடிவைத்தது நான்தானே. அந்த நிமிடத்தில்தான் எனக்கு வழியும் தெரிந்தது. வாசலை ஈரத்துணியால் அடைத்தேன். தலையில் துண்டைச் சும்மாடாகக் கட்டி, பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

"அம்மா புறப்பாடு. வழி விடுங்க."

காவிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கெட்டிக்காரர். சங்கை எடுத்து ஊதிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வந்த வழியே திரும்பினால் ஊருக்குள் புகுந்து ஒரு மணி நேரத்தில் வேங்கிக்கால். அந்தப் பக்கம் திரும்பி நாலு அடி வைத்தேன். மொத்தக் கூட்டமும் நின்றது.

"எதிர்ல எங்க போறீங்க? சாமியத் தூக்கினு அப்பிரதட்சணமா போவாங்களா?"

"அவசரங்க. பத்து மணிக்கு..."

"அம்மாவுக்கு இன்னாங்க பத்து மணிக்கு வேல?"

மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும், எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் நடக்கிறார்கள். அந்த வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டால் பெட்டி கீழே விழும். திரும்பினேன். பக்கத்தில் இருக்கிற அலுவலகத்துக்குப் போக, மலையை ஏறக்குறைய முழுசாகச் சுற்றினேன். தலையில் ஒரு தேனீக் குடும்பம், வயிற்றில் ஒரு வாய் டீ கூட இல்லை.

வெயில் ஏறியதும் உண்மையான ஆபத்து ஆரம்பித்தது. அடைத்த பெட்டி சூடானால் மெழுகு இளகி அடை சரியும். குடும்பமே போய்விடும். உள்ளே இரைச்சல் கூடிக்கொண்டே போவது என் மண்டை வழியாக எனக்குக் கேட்டது. என் கடிதம் என் தலைமேலேயே உருகிக்கொண்டிருந்தது. இந்த லட்சணத்தில் வழியில் வரும் ஒவ்வொரு லிங்கத்தின் முன்பும் நிறுத்திக் கற்பூரத் தட்டை நீட்டினார்கள்.

"கற்பூரம் வேணாங்க. இந்த அம்மாவுக்கு ஆகாது."

"எந்தச் சாமிக்குங்க கற்பூரம் ஆகாது?"

"இது குளிர்ச்சியான அம்மா. தண்ணி மட்டுந்தான். தண்ணி தெளிச்சா போதும், கேட்டது கெடைக்கும்."

இதைச் சொன்னதுதான் என் சர்வீஸிலேயே பெரிய புத்திசாலித்தனம். அடுத்த லிங்கத்துக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. வழி நெடுகப் பாட்டிலோடு நின்றார்கள். பட்டு வேட்டி கட்டிய மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் ஒரு பாட்டில் பன்னீரை முழுக்க என் தலையில் கவிழ்த்தார்.

"அம்மா பேரு என்னங்க?"

"பேரெல்லாம் கெடையாதுங்க. ராணின்னு சொல்லுவாங்க."

"ராணியம்மா" என்று கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெட்டி குளிர்ந்தது. இரைச்சல் தணிந்தது. அன்னதானக்காரர்கள் பொங்கல் நீட்டினார்கள், வாங்கக் கை இல்லை. காவிக்காரர் எனக்கும் சேர்த்து வாங்கி, எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். வேங்கிக்கால் திருப்பத்தில் பெட்டியை இறக்கி, மேல் மூடியைத் தூக்கி, தட்டிலிருந்த காசை எல்லாம் அவர் துண்டில் கவிழ்த்தேன். அத்தனையும் பாகில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விரலை நக்கிப் பார்த்து, "அம்மா பிரசாதம் தித்திப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாற்றங்காலுக்குப் போனபோது பத்து தாண்டிவிட்டது. நல்லவேளை, ஆய்வுக்கு வரவேண்டியவரும் கிரிவலக் கூட்டத்தில் மாட்டித் தாமதம். பெட்டியைச் சுண்ணாம்பு அடித்த கல்லின் மேல் வைத்து, மாலையை மட்டும் எடுத்தேன். மஞ்சளைத் துடைப்பதற்குள் கார் வந்துவிட்டது. இறங்கியவர் பேன்ட் சட்டை போட்டிருந்தார். மூக்குக்கண்ணாடி அதே மூக்குக்கண்ணாடி.

பெட்டியைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். பன்னீர் வாசனையோடு நிற்கும் என்னைப் பார்த்தார். எங்கள் அதிகாரி பக்கத்தில் வந்து, "திட்டத்துல வந்த பெட்டிங்க சார், உயிரோட்டமா இருக்கு" என்றார்.

நான் வாசல் துணியை எடுத்தேன். நாலு தேனீ வெளியே வந்து, வெயிலைப் பார்த்து, ஒரு வட்டம் போட்டன. ஆய்வுக்கு வந்த பெரியவர் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். எங்கள் அதிகாரியும் எதற்கென்று தெரியாமல் கழற்றினார். பிறகு அலுவலகம் மொத்தமும் கழற்றியது.

"இத யாரு பாத்துக்கறது?" என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

"இவர்தான் சார்" என்று எங்கள் அதிகாரி விரலை நீட்டினார். பதினொரு வருடத்தில் அவர் விரல் நீட்டி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பர்மனெண்டா?"

"தினக்கூலி."

"உயிர் இருக்கறத தினக்கூலி ஆள்கிட்ட விட்டிருக்கீங்க. நாளைக்கு அவர் வரலன்னா இதோட கதி? இன்னிக்கே எழுதி அனுப்புங்க."

அன்று வெந்நீர் ஆறக் காத்திருக்கவில்லை. சூடாகவே குடித்துவிட்டு எழுதினார். மேற்படி தேனீக் குடும்பத்தைப் பராமரிக்க மேற்படி ஏழுமலை இன்றியமையாதவர் என்றும், மேற்படி குடும்பம் நிலைத்திருக்கும் பட்சத்தில் அவரை நிரந்தரம் செய்யலாம் என்றும் எழுதி, என் கண் முன்னே கையெழுத்துப் போட்டார். ஃபைல் சென்னைக்குப் போனது. வீட்டில் கேசரி செய்தோம்.

ஒன்பதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. இனி தங்கிவிடும் என்று நம்பி முந்தின நாள்தான் வாசல் தகட்டை எடுத்திருந்தேன். அடுக்குத் தேனீக்கு இது வழக்கம். இடம் பிடிக்கவில்லையென்றால் குஞ்சையும் அடையையும் போட்டுவிட்டு மொத்தமாகக் கிளம்பிவிடும். அவ்வளவு கற்பூரத்தையும் சங்கையும் பார்த்த பிறகு ஒன்பது நாள் இருந்ததே பெரிது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். ஆறு மரம் தள்ளி ஒரு கிளையில் இருக்குமோ என்று நாற்றங்கால் முழுக்கத் தேடினேன். அதிகாரியிடம் ஓடினேன்.

"அய்யா, ஈ போயிடுச்சுங்க."

ஃபிளாஸ்கைத் திறந்தார். ஊற்றினார். பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனத யாரு பாத்தது?"

"யாரும் பாக்கலீங்க. காலையில வந்து பாத்தா இல்ல."

"அப்ப போனதா பதிவு இல்ல."

"பெட்டி காலியா கீதுங்களே அய்யா. ஃபைல்ல நீங்க, குடும்பம் நிலைச்சிருந்தான்னு..."

"காலியா இருக்கறது இதுவரைக்கும் என் கவனத்துக்கு வரல." ஒரு மடக்குக் குடித்தார். "உத்தரவு வர்ற வரைக்கும் வராம இருந்தா நல்லா இருக்கும்."

அப்போதே பால்பவுடர் டப்பாவையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினேன். அன்று ஓர் ஏரிக்கரை இலுப்பை மரம். அந்தக் கூடு ஒரு மாதம் இருந்தது. பிறகு ஒரு பனை, ஒரு பாழடைந்த மோட்டார் ரூம், அப்புறம் ஒரு புளியமரம். நான் பிடித்த கூடுகளுக்கு இந்த மாவட்டத்தில் கணக்கே இல்லை என்று ஊரில் பேசிக்கொள்வது இதனால்தான். உத்தரவு வந்து சேர்ந்த நாளில் பெட்டியில் இருந்தவள் ஏழாவது ராணி. அதற்குப் பிறகும் விட முடியவில்லை, வருடா வருடம் தணிக்கை வந்தது, 'பட்சத்தில்' என்ற சொல் ஃபைலில் அப்படியே இருந்தது.

ஆனால் எங்கள் அலுவலகப் பதிவேட்டில் தேனீ வந்ததாக ஒரே ஒரு வரிதான் உண்டு. போனதாக ஒரு வரியும் கிடையாது. நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன். பதிவேட்டின்படி புங்கமரத்து ராணி இன்னும் பணியில் இருக்கிறாள்.